உடைந்த மோட்டார் சைக்கிளை உறுப்புகளுக்காக வாங்கலாமா?

சொந்த ஊரை விட்டு வந்து அயல் மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. விடியற்காலை ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கும், இட்லி, மாவு, காப்பிப்பொடி முதலியவற்றைத் தெருத்தெருவாகக் கொண்டு செல்லும் வியாபாரிக்கும், மாலையில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிலிருந்து அழைத்து வரும் தந்தைக்கும் அதுவே காலாக இருந்து உதவுகிறது. வண்டி நின்றுவிட்டால் வீட்டு வருவாயும் ஓரளவு நின்றுவிடுகிறது. ஆகவே, வண்டி பழையதாகிப் பழுதுகள் பெருகும்போது, "இதே மாதிரி வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கிக் கிடக்கிறதாம், மலிவாகத் தருகிறார்களாம், வாங்கிப் போட்டுக்கொண்டால் வேண்டும்போது வேண்டியதைக் கழற்றிக்கொள்ளலாமே" என்னும் எண்ணம் பலருக்கு எழுவதில் வியப்பில்லை. சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில் இக்கேள்வி நம்மிடம் பன்முறை வந்திருக்கிறது. நாம் மெக்கானிக் தொழில் கற்றவர் அல்லோம். எனினும் பட்டறை வாசல்களில் நெடுநேரம் நின்று பார்த்ததைக் கொண்டும், பார்சல் ஆபீசு அலுவலில் கண்டதைக் கொண்டும் சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் இத்தகைய வண்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிதல் வேண்டும். இன்ஷூரன்ஸ் செய்யப்பெற்ற வண்டி விபத்தில் சிக்கினால், அதைப் பழுதுபார்க்க ஆகும் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டும்போது, அதை முழு நஷ்டமாகவே கணக்கிடுவது வழக்கம். உரியவருக்கு இழப்பீடு போய்விடும். எஞ்சிய உடல் ஏலத்துக்கோ வியாபாரிக்கோ போகும். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியாயின், உரிமையாளரே அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவார். பம்பாயில் இக்கடைக்காரரைப் 'பங்கார்வாலா' என்பர். டில்லியில் 'கபாடி' என்பர். பம்பாயின் குர்லா, டில்லியின் மாயாபுரி, கல்கத்தாவின் மல்லிக் பஜார், நம் சென்னையின் புதுப்பேட்டை ஆகியவை இவ்வியாபாரத்திற்குப் பெயர்பெற்ற இடங்கள். மீரட் நகரின் சோதிகஞ்ச் கடைத்தெருவும் ஒரு காலத்தில் வடநாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. ஆனால் அந்தப் பெயர் களவு வண்டிகளால் வந்த பெயர். 2021 டிசம்பரில் போலீசார் அக்கடைகளை மூடச் செய்தனர். இதை ஏன் குறிப்பிடுகிறோம் என்பது பின்னர் விளங்கும்.

இனி விஷயத்திற்கு வருவோம். உடைந்த வண்டி வாங்குவது இலாபமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கூற இயலாது. எந்த வண்டி, எந்த உறுப்பு என்று கேட்டால் கூறலாம்.

தாராவியில் காலை வேளையில் இட்லி விற்கும் திருநெல்வேலிப் பக்கத்துச் சகோதரர் ஒருவரின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். அவருடையது 2012-ஆம் ஆண்டின் ஸ்பிளெண்டர் வண்டி. எஞ்சின் புகை கக்கத் தொடங்கிற்று; கிராங்க் பக்கத்தில் ஓசையும் வந்தது. அதே சமயம் முன்பக்கம் நொறுங்கிய இன்னொரு ஸ்பிளெண்டர் 11,000 ரூபாய்க்கு வந்தது. எஞ்சின் மேலுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பணத்தையும் புரட்டிவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக ஒதுக்கி வைத்த தொகையிலிருந்து எடுத்த பணம் அது. நல்லவேளையாகப் பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த எஞ்சினை அப்படியே தூக்கி இதிலே மாட்டிரலாமில்லா?"

"மாட்டலாம் தம்பி. ஆனா அந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சின்னு உனக்குத் தெரியுமா? மீட்டரே உடைஞ்சுல்லா கிடக்கு. உன் எஞ்சினை எப்படி ஓட்டினேன்னு உனக்குத் தெரியும். அதை ஓட்டினவன் யாரு?"

அதன்பின் இருவரும் கணக்குப் பார்த்தனர். சிலிண்டரை லேத் பட்டறையில் துளை பெருக்கி, புதுப் பிஸ்டன், ரிங், கிராங்க் பேரிங், கூலி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 8,000 ரூபாய் ஆகும் என்றார் பட்டறைக்காரர். உடைந்த வண்டிக்கோ 11,000 ரூபாய். அதை டெம்போவில் ஏற்றிவர 800. எஞ்சினை இறக்கி மாற்றக் கூலி வேறு. மாற்றிய பின்னும் அந்த எஞ்சின் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தவிரவும் எஞ்சின் எண் மாறிவிடுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகப் படியேறிப் பதிவுச் சான்றில் திருத்தம் பெற வேண்டும். நண்பர் பணத்தைக் கொண்டுபோய் மகளின் பெயரிலேயே திரும்பப் போட்டுவிட்டார்; எஞ்சினுக்கு வேண்டிய தொகையைத் தவணை முறையில் பட்டறைக்காரரிடம் கட்டினார். இரண்டு நாள் மட்டும் அண்டை வீட்டாரின் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு போனார்.

இதிலிருந்து தெரிவது யாதெனில், இன்று உற்பத்தியில் இருந்துகொண்டு, சந்து பொந்தெல்லாம் புத்தம்புதிய உறுப்புக் கிடைக்கும் வண்டிக்கு உடைந்த வண்டியை வாங்குவது பெரும்பாலும் வீண். ஸ்பிளெண்டர் 1994 முதல் வந்துகொண்டிருக்கிறது. அதன் பிஸ்டன், கிளட்ச் பிளேட், செயின் கட்டு யாவும் நம்மூர்ப் பெட்டிக்கடையில் தீப்பெட்டி கிடைப்பதுபோலக் கிடைக்கின்றன. மேலும், தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டிய உறுப்புகள் நம் வண்டியில் தேய்ந்திருப்பதைப் போலவே அந்த வண்டியிலும் தேய்ந்திருக்கும். மோதலில் உடையும் உறுப்புகளோ அதில் ஏற்கெனவே உடைந்து கிடக்கின்றன! நமக்கு மிகுதியாகத் தேவைப்படும் இரு வகையும் அதில் இல்லையென்றால் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே பெயர் கொண்ட வண்டி என்பதற்காக எல்லா உறுப்பும் பொருந்தும் என்று கருதுவதும் தவறு. 2020 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தபின், கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பும் அதை ஆளும் மின்னணுப் பெட்டியும் வந்துவிட்டன. அதற்கு முற்பட்ட வண்டிக்காரர் பிற்பட்ட வண்டியின் உடலை வாங்கினால் எஞ்சின் பக்கத்தில் பல உறுப்புகள் பயன்படா. பழைய புல்லட், யெஸ்டி வண்டிகளில் 6 வோல்ட் மின்னமைப்பு இருந்தது. பின்னர் 12 வோல்ட் வந்தது. விளக்கு, ஹாரன், சுருள் எதையும் மாற்றிப் பொருத்தினால் எரிந்துபோகும், அல்லது எரியவே எரியாது.

ஆனால் உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் கதையே வேறு. இங்கேதான் உடைந்த வண்டிக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனியார் செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவின் அமைப்பில் 250 சி.சி. வண்டிகளை 1960-களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்தனர். பின்னர் யெஸ்டி என்ற பெயரில் தொடர்ந்தனர். உதைத்துக் கிளப்பும் கோலையே மடக்கிக் கியர் போடும் கோலாக்கிக்கொள்ளும் விந்தையான அமைப்பு அதில் உண்டு. அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயரும் 2022-இல் யெஸ்டி என்ற பெயரும் மீண்டும் கடைத்தெருவுக்கு வந்தன. ஆயினும் அவை நீரால் குளிர்விக்கப்படும் புது எஞ்சின் கொண்டவை, பெயர்தான் பழையது. பழைய யெஸ்டிக்குப் புதிய வண்டிக் கடையில் போய் உறுப்புக் கேட்பது, பாட்டனின் செருப்பைப் பேரன் காலுக்கு அளவெடுப்பது போன்றதே.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய யெஸ்டியை இன்னும் வைத்திருக்கிறார். பிஸ்டன், ரிங் போன்றவை யாரோ செய்து விற்கிறார்கள், கிடைக்கின்றன. கிடைக்காமற் போனது கியர்ச் சக்கரத் தொகுதி. இரண்டாம் கியரின் பற்கள் உதிர்ந்துவிட்டன. ஏழெட்டு மாதங்கள் தேடினார். கடைசியில் பின்பக்கம் லாரி மோதிய ஒரு யெஸ்டியின் உடல் முறையான காகிதங்களுடன் கிடைத்தது. வாங்கினார். கியர்த் தொகுதி, கிராங்க், மின் உற்பத்திச் சுருள் ஆகியவற்றைத் தமக்கு எடுத்துக்கொண்டார். டேங்க், முன்சக்கரம், ஹெட்லைட் கூடு ஆகியவற்றை வேறு யெஸ்டிக்காரர்கள் இருவர் போட்டியிட்டு வாங்கிப் போயினர். கொடுத்த விலையில் பாதிக்குமேல் அவருக்குத் திரும்பி வந்தது. இது நல்ல வாணிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு முன்கூட்டியே இரண்டு செய்திகள் தெரிந்திருந்தன: தமக்கு வேண்டிய உறுப்பு எது என்பதும், மிச்சத்தை வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பதும்.

புல்லட் விஷயம் இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து வண்டியாகிய இதை 1955 முதல் சென்னையில் செய்யத் தொடங்கினர். திருவொற்றியூர் ஆலையின் பெயரைக் கேட்டாலே நம்மில் பலருக்கு ஊர் நினைவு வரும். பிறந்த நாட்டில் அக்கம்பெனி மறைந்த பின்னும் நம் நாட்டில் வண்டி வந்துகொண்டே இருந்தது. பழைய புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. எஞ்சின் தனிப்பெட்டி, கியர் தனிப்பெட்டி. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாய் இணைந்த புது எஞ்சின் வந்து பழையதை ஒழித்தது. பழைய வண்டிக்காரர்களுக்கு இந்தத் தனித்தனி அமைப்பு ஒரு வரப்பிரசாதம். மோதலில் எஞ்சின் கூடு பிளந்திருந்தாலும் பின்னால் உள்ள கியர்ப்பெட்டி பழுதின்றி இருக்கும். நாலு போல்ட்டைக் கழற்றினால் தனியே கைக்கு வந்துவிடும். ஆகவே பழைய புல்லட்டின் உடலை முழுதாய் வாங்க வேண்டியதில்லை. வேண்டிய பெட்டியை மட்டும் பேரம் பேசலாம். வலப்பக்கத்தில் கியர் உள்ள வண்டியா, இடப்பக்கத்தில் கியர் உள்ள வண்டியா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு இன்று இளைஞரிடையே உள்ள மோகம் நமக்குப் புரிவதில்லை. மோகம் மிகுந்ததால் உடைந்த வண்டிக்கும் நல்ல வண்டியின் விலை கேட்கிறார்கள். அந்த விலையில் உறுப்புக்காக வாங்குவது அறிவுடைமை ஆகாது.

உடலைப் பார்க்கப் போகும்போது எப்படி உடைந்தது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். நேருக்கு நேர் மோதிய வண்டியில் முன் ஃபோர்க், முன்சக்கரம், ஹாண்டில், சேசிஸின் கழுத்துப் பகுதி ஆகியவை கெட்டிருக்கும்; பின்சக்கரம், பின் ஷாக் அப்சார்பர், சீட்டு, கார்புரேட்டர், எஞ்சினின் உட்பகுதி ஆகியவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். சறுக்கி விழுந்த வண்டியில் கால்மிதி, கியர்க்கோல், எஞ்சினின் பக்க மூடி, டேங்கின் ஒரு பக்கம் ஆகியவை அடிபட்டிருக்கும். உள்ளே நலமாக இருக்கும். உறுப்புக்காக வாங்குவோருக்குச் சறுக்கிய வண்டியே தக்கது. தீப்பிடித்த வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அலுமினிய உறுப்புகள் வெப்பத்தில் வலுவிழந்திருக்கும், ஒயரும் ரப்பரும் சாம்பலாகியிருக்கும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2005 ஜூலை 26 அன்று பம்பாய் சாந்தா குரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கும். 2015 டிசம்பரில் சென்னையிலும் வெள்ளம் வந்தது. இத்தகைய வெள்ளங்களுக்குப் பின் கீறல்கூட இல்லாத வண்டிகள் மலிவாக வரும். துடைத்து மெருகிட்டு நிறுத்தியிருப்பார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் தங்கிக் கிராங்க் பேரிங்குகளும் கியர்த் தண்டுகளும் துருவேறியிருக்கும். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள்; எண்ணெய் பாலிட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்தது என்று அறியலாம். ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சீட்டின் அடியிலும் சேற்றுப் படிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் இறுகிக் கிடக்கிறதா என்பதை உதைகோலைக் கையால் அழுத்தியே அறியலாம். மெல்ல அழுத்தும்போது ஓரிடத்தில் எதிர்ப்புத் தோன்றிப் பின் விடுபட வேண்டும். எதிர்ப்பே இல்லையென்றால் அழுத்தம் போய்விட்டது. அசையவே இல்லையென்றால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டது. ஃபோர்க் குழாயைக் கழற்ற விடுவார்களாயின், கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும்.

பிரேக் ஷூ, டயர், செயின், கேபிள் ஆகியவற்றை எந்த உடைந்த வண்டியிலிருந்தும் எடுக்கலாகாது. உயிருக்கு ஈடான உறுப்புகள் இவை. மோதலில் அடிபட்ட ஹாண்டிலும் அச்சும் ஃபோர்க்கும் நேராகத் தோன்றினும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். நிமிர்த்தித் தருகிறோம் என்பார்கள். மனைவி மக்களைப் பின்னால் ஏற்றிச் செல்லும் வண்டியில் நிமிர்த்திய ஃபோர்க் வேண்டாம்.

இனிச் சட்டத்தைப் பற்றி. நம்மவர் பெரும்பாலும் கவலைப்படாத இடமும், பின்னர் மிகுதியாக அல்லற்படும் இடமும் இதுவே. வண்டியின் அடையாளம் இரண்டு எண்களில் இருக்கிறது: சேசிஸ் எண், எஞ்சின் எண். சேசிஸ் எண் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண் கிராங்க் கூட்டில் இருக்கும். உடைந்த வண்டியின் பிஸ்டனையோ ஹெட்டையோ கியரையோ எடுத்து நம் எஞ்சினுக்குள் பொருத்தினால் எண் மாறாது, தொல்லையில்லை. முழு எஞ்சினையோ அதன் கூட்டையோ மாற்றினால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த எஞ்சினை வாங்கியதற்குச் சான்றும் கேட்பார்கள். சேசிஸை மாற்றும் எண்ணமே வேண்டாம்.

வாங்கும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, இரு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் உள்ள இடம் அரத்தால் தேய்த்தது போலிருந்தாலோ, எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். களவுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றிப் பெறுவது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். மொழி தெரியாத ஊரில் போலீசு நிலையத்தில் நின்றுகொண்டு, மலிவாகக் கிடைத்ததால் வாங்கினேன் என்று விளக்குவது எளிதன்று. 'காகிதம் இல்லை, அதனால்தான் மலிவு' என்று சொல்பவரிடம் திருகாணிகூட வாங்க வேண்டாம்.

உடைந்த வண்டியை விற்பவருக்கும் கடமை உண்டு. வண்டி அழிந்தோ நிரந்தரமாக ஓடத் தகுதியற்றோ போனால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள், அல்லது கூடிய விரைவில், பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியையும் புத்தகத்தையும் சேர்த்துக் காயலான் கடையில் விட்டுவிட்டு ஊருக்கு மாற்றலாகிப் போனவர்கள் உண்டு. அந்தப் புத்தகத்தை வைத்துக் களவு வண்டி ஒன்றுக்கு அதே எண்ணைப் பொறித்து ஓட்டுவோரும் உண்டு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகக் கூறிவிட்டது. முழு வண்டியையும் ஒழிக்க விரும்புவோர் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறலாம்.

ஊரில் மலிவாகக் கிடைக்கிறது, ரயிலில் போட்டு அனுப்பச் சொல்லலாம் என்று நினைப்போருக்கு ஒரு வார்த்தை. பதிவுச் சான்றின் நகலும் அடையாளச் சான்றும் இன்றிப் பார்சல் ஆபீசில் மோட்டார் சைக்கிளை ஏற்க மாட்டார்கள். டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருத்தலாகாது. வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்ட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் உடைந்த இரும்பு சுமை தூக்குவோரின் கையைக் கிழிக்கும் என்பதால் அதைத் தனியே கழற்றிக் கட்டுவது நலம். கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. அதாவது பயன்படாத வளைந்த சட்டத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுகிறோம். சேர்ந்த பின் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்னும் தண்டமும் ஏறும். வேண்டிய உறுப்புகளை ஊரிலேயே கழற்றச் செய்து, விற்றவரிடம் ரசீது பெற்று, அவற்றை மட்டும் பெட்டியில் அனுப்புவதே சிக்கனம்.

கடைசியாக, அந்த உடல் எங்கே கிடக்கும்? குவார்ட்டர்சிலும் சாலிலும் ஓர் அறை வீட்டிலும் வாழும் நமக்கு இது சிறிய கேள்வியன்று. 'ஒரே வாரத்தில் கழற்றி முடித்துவிடுவேன்' என்று வாக்களித்துப் படிக்கட்டின் அடியில் நிறுத்திய வண்டிகள் இரண்டு மழைக்காலம் கண்டதை நாம் பார்த்திருக்கிறோம். துணி உலர்த்தும் இடமும் போய், குழந்தைகள் காலைக் கிழித்துக்கொண்டு, சொசைட்டிச் செயலாளரின் நோட்டீசும் வந்தபின், வீட்டம்மாள் ஒரு நாள் பங்கார்வாலாவை அழைத்து எடை போட்டுக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை.

வாங்குவதென்றே துணிந்தவர்கள், வாங்கிய ஞாயிற்றுக்கிழமையே பட்டறையில் வைத்துக் கழற்றிவிட வேண்டும். எடுத்த உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் பூசி, பழைய துணியில் சுற்றிப் பெயர் எழுதித் தகரப் பெட்டியில் வைத்தால் கட்டிலின் அடியில் அடங்கிவிடும். பாட்டரியைப் பாட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையில் சிறிது தள்ளுவார்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறைப் பீப்பாயில் விட வேண்டும். எண் பலகையை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். பதிவு அதிகாரிக்குக் கடிதம் போய்ச் சேரும் வரை அது வீட்டிலேயே இருக்கட்டும்.